வலது தோள்

"டாக்டர் சொன்னாரு" என்று மனைவி அன்று காலையில் ஏழாவது தடவையாகச் சொன்னபோது, தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தினார்.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் 'கைரோபிராக்டர்' என்று பலகை மாட்டி, கையாலேயே முதுகெலும்பை அழுத்தி நிமிர்த்துகிறவர்தான் அந்த டாக்டர். ஆறு வாரமாக, வாரம் இரண்டு முறை அவள் போய்வருகிறாள். முதுகெலும்பு நேராக இருந்தால் தூக்கம் வரும், ஜீரணம் ஆகும், கோபம்கூடக் குறையும் என்பது அவர் கட்சி. அதெல்லாம் மெய்யோ பொய்யோ, அவள் இப்போது நன்றாகத் தூங்குகிறாள். அதற்குச் சந்தோஷப்பட வேண்டிய தையல்காரருக்கு வயிறுதான் எரிந்தது. போன வாரம் துணைக்குப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே 'சொடக்' என்று எலும்பு நெட்டி முறிகிற சத்தம், அதைத் தொடர்ந்து அவளுடைய சிரிப்பு. இந்தச் சிரிப்பை வீட்டில் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

"இந்தச் சட்டை ஏன் வலது பக்கம் மேடா நிக்குது? நீங்க தச்சதுதானே?" என்றாள் கண்ணாடி முன்னால் நின்று.

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். சட்டையில் குற்றமில்லை. தோள்தான் ஏறியிருந்தது.

"என் வலது தோள் இறங்கியிருந்துச்சாம். முதல் நாளே பார்த்தவுடனே டாக்டர் கண்டுபிடிச்சிட்டாரு. இத்தனை வருஷத்துல ஒருத்தர் கவனிச்சதில்லை. அதுதான் கண்ணுங்கறது!"

வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி இருந்தது. ஊரில் பாதிப் பேருடைய உடம்பு அவருக்கு மனப்பாடம். சொந்தப் பெண்டாட்டியுடையது தெரியாதாமா?

"அவரு என்ன கண்டுபிடிக்கிறது? கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும். வலது பக்கம் அரை அங்குலம் கம்மி. பதினெட்டு வருஷமா உன் சட்டை ஒவ்வொண்ணுலயும் அந்தத் தோளுக்கு உள்ள ரெண்டு மடிப்புத் துணி வச்சுத் தச்சிருக்கேன். வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது!"

சொல்லி முடித்ததும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தார். அவள் சட்டையின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினாள். மடிப்பு தட்டுப்பட்டது.

"அப்போ தெரிஞ்சுதான் இருந்தீங்களா?"

"அதான் சொல்றேனே."

"தலைவலி, கழுத்துவலின்னு நான் சுருண்டு படுத்தப்பல்லாம்?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அவர் வாரிப் போட்டது ஒரு வண்டி மண். உன் குறை யார் கண்ணிலும் படக் கூடாதென்றுதான் வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்கும் வலிக்கும் சம்பந்தம் இருக்குமென்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அதைச் சொன்னால் இன்னும் கேவலம். அந்த மாடிக்காரன் மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டார், திரும்பவும் அதையே நினைத்தார்.

அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. மேசையிலிருந்து அளவு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அளங்க. தோள்லேருந்து இடுப்பு வரைக்கும். ரெண்டு பக்கமும்."

அவளுக்கு அளவெடுக்கும்போது அவர் ஒருநாளும் எண்ணை வாய்விட்டுச் சொன்னதில்லை, நோட்டில் எழுதியதும் இல்லை. டேப்பை இடது தோளில் வைத்து அளந்தார். பிறகு வலது தோள். அதே எண்; பழைய அரை அங்குலத்தைக் காணவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றாள். பென்சில் முனை வெள்ளைத் தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது.