சர்வே நம்பர்

ஒருவனுடைய வாழைத்தோட்டம் வெள்ளத்தில் போனதற்காக அவன்மேல் நீங்கள் பொறாமைப்பட்டிருக்கிறீர்களா? நான் பட்டிருக்கிறேன்.

ஊரில் வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் சுடலைக்கண்ணனின் போன் ஓயவே இல்லை. மும்பை தாராவியில் எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவன் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். "ஆமா மாமா, குலை தள்ளுன வாழை. அம்புட்டும் படுத்துட்டு." சாய்ந்த வாழைகளின் போட்டோ அவனுக்குத்தான் வந்தது. என்னிடம் யார் துக்கம் விசாரிப்பார்கள்? பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த எண்பது சென்ட் தோட்டத்தை அவனுக்கு விற்றவன் நான். ஐரோலியில் மெஸ் போடப்போகிறேன் என்று விற்றேன். மெஸ் ஒரு வருடம்கூட ஓடவில்லை. இப்போது மாட்டுங்காவில் இன்னொருவர் மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்குகிறேன். அவன் பேக் தைக்கிற பட்டறையில் மாஸ்டர். பெண்டாட்டி, பிள்ளை, ஊரில் நிலம்.

நிவாரணப் பட்டியலில் அவன் பெயர் விட்டுப்போயிருந்தது. தாசில்தாருக்கு மனு அனுப்பச் சொல்லி அவன் மச்சான் ஊரிலிருந்து போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, வெள்ளைத்தாளை முன்னால் வைத்தான் சுடலை.

"நம்பிராஜன், நீரு எழுதுனாத்தான் ஆபீஸ்ல மதிப்பான். பட்டாவெல்லாம் மச்சான் வீட்டுல தண்ணியில ஊறிக் கூழாயிட்டு. சர்வே நம்பர் உமக்குத் தெரியும்லா?"

தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 118/2ஏ.

மனுவை நன்றாகவே எழுதினேன். 'குலை தள்ளிய வாழைகள் முற்றிலும் அழிந்து' என்று எழுதிவிட்டு அந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். எழுத எழுத அது என் மனு மாதிரியே இருந்தது. அவன் பெண்டாட்டி முத்துமாரி அடுப்படியிலிருந்து, "ரூவா வந்தா மொதல்ல வரப்பைச் சரி பண்ணணும்ணே, மண்ணெல்லாம் அரிச்சிட்டுப் போயிட்டாம்" என்றாள். அந்த வரப்பைப் போட்டது நான்.

நம்பர் வரவேண்டிய இடத்தில் 118/2பி என்று எழுதினேன். 2பி பக்கத்தில் ஓடுகிற வாய்க்கால். சர்க்கார் புறம்போக்கு. வாய்க்காலுக்கு யாரும் நிவாரணம் கொடுப்பதில்லை.

அவன் மகள் சாதனா எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, நம்பர் மட்டும் படிப்பாள். "ஒன் ஒன் எய்ட், டூ... யே க்யா ஹை, அங்கிள்?"

"பி."

சுடலை நிமிர்ந்தான். "பியா? ஏ-ன்னுல்லா எனக்கு ஞாபகம்."

"அது யாரு நெலம்வே?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "உம்ம நெலந்தான்வே! உம்ம நெலந்தான்!" என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவன் பேனாவை மூடுகிறவரைக்கும் அது என் நிலமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சயானில் தபால் ஆபீஸுக்குப் போனோம். கவரில் விலாசம் எழுதவும் என்னைத்தான் கூப்பிட்டிருந்தான். எழுதினேன். பின்கோடு சரியாகப் போட்டேன். ஸ்பீட் போஸ்டில் மனு போனது. வெளியே வந்து ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாயா குடித்தோம். காசு அவன் கொடுத்தான்.