ஜோவிலின் எப்படி வாசித்தாள்?

திங்கட்கிழமை காலை ஜோவிலின் வாசித்துவிட்டாள். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

ஆசிரியனாக இருப்பவன் இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் போன வெள்ளி வரைக்கும் ‘பென்’ அட்டையைக் காட்டினால் கூரையில் பல்லியைத் தேடிய பிள்ளை அவள். சனி ஞாயிறு அம்மாவின் மீன் கடையில் கணவாய் கழுவிவிட்டு வந்து, திங்களன்று ஹென், பென், மென், டென் என்று தடுக்காமல் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? என் திறமையால் வந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு எனக்கே பொருந்தவில்லை. பெரிய செருப்பு மாதிரி கழன்று விழுந்தது.

ஒன்றாம் வகுப்பில் நாங்கள் ஆங்கிலச் சொற்களைக் குடும்பம் குடும்பமாகத்தான் பிடிப்போம். அப்போது நடந்தது ‘-என்’ என்று முடிகிற குடும்பம். வால் அப்படியே இருக்கும், தலை மட்டும் மாறும். ஹ-வை ஒட்டினால் ஹென், கோழி. ப-வை ஒட்டினால் பென், பேனா. கடலோரப் பிள்ளைகளுக்கு இது புரியும். தலை வேறு வால் வேறாகப் பார்த்து வளர்ந்தவர்கள். நடுவில் இருக்கிற அந்தக் குட்டி ‘எ’தான் இலோங்கோ மொழி பேசுகிற எங்கள் நாக்குக்கு வராது. கோழி கேட்டால் ‘ஹின்’ கிடைக்கும். அதற்காக நான் தாடையை இறக்கி, ஆடு மாதிரி ‘எ எ’ என்று கத்திக் காட்டுவேன். ஒலி சொல்லிக் கொடுக்கிறவனுக்கு முகம்தான் கரும்பலகை. என் முகம் அதற்கு மட்டும் லாயக்கு என்று என் மனைவி சொல்வாள்.

ஜோவிலினுக்கு எட்டு வயது. ஒன்றாம் வகுப்பில் இது அவளுக்கு இரண்டாம் வருஷம். அந்த வார வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து மேற்பார்வையாளர் மேம் சொலெடாட் வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அன்றைக்கும் வாசிக்காத பிள்ளை திரும்ப மழலையர் வகுப்புக்குப் போகவேண்டும், முழங்கால் முகவாயில் இடிக்கிற அந்தக் குட்டி நாற்காலிக்கு. ஜோவிலினின் அம்மா நாங் செடிங், ‘நாங்’ என்றால் எங்கள் ஊரில் அக்கா, என்னிடம் முன்பே சொல்லிவிட்டாள்: “அங்க ஒக்கார வைக்கறதா இருந்தா வேணாம் சார். எங்கூடக் கடைல நிக்கட்டும்.” நாங் செடிங் மீன் விலையிலேயே இறங்கி வராதவள். இதில் எங்கே இறங்கப் போகிறாள்?

ஆகவே அவள் நிஜமாக வாசித்தாளா, யாராவது வாசிக்க வைத்தார்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பொய் வாசிப்பு வெள்ளிக்கிழமை மேம் சொலெடாட் முன்னால் அறுந்து விழுந்தால், விழுவது அந்தப் பிள்ளை.

முதல் சந்தேகம், மனப்பாடம். அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டேன். வாசித்தாள். தலைகீழாக அடுக்கினேன். வாசித்தாள். அடுத்த சந்தேகம் பக்கத்து இருக்கை ரோமர் மேல். சும்மா இருக்கும்போதும் வாய் அசைகிற பையன் அவன். அவனைத் தூக்கிக் குப்பைத் தொட்டி ஓரமாக உட்கார வைத்தேன். அவன் அழுதான், அவள் வாசித்தாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் யாருமே கேட்டிராத ஒரு சொல்லைச் செய்தேன். ‘எல்’ எழுத்தை வாலோடு ஒட்டி அவள் எதிரில் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல், நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்துக் காத்திருந்தேன். ஜோவிலின் என்னைப் பார்த்தாள்.

“லென்,” என்றாள். “எங்க மாமா பேரு சார்.”

எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போதுதான் ஜன்னலில் மேம் பெர்பெக்தாவைக் கண்டேன். அவர் பக்கத்து அறை, ஒன்றாம் வகுப்பு ‘பி’. யார் வகுப்பில் வாசிக்காத பிள்ளைகள் குறைவு என்று எங்கள் இரண்டு பேருக்கும் வருஷா வருஷம் ஒரு பேசாத போட்டி உண்டு. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் எனக்குப் பிடிக்காத ஏதோ இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் பல் எல்லாம் வரிசையாக இருக்கிறது, அதுதான்.

“என்ன சார், ஒங்க பொண்ணு பறக்குதாமே.”

“யார் சொன்னா?”

அவர் உதட்டைக் குவித்து என் வகுப்புப் பக்கம் நீட்டினார். எங்கள் ஊரில் கை இருப்பது சாப்பிடவும் வலை இழுக்கவும். எதையாவது காட்ட உதடு போதும். ஆமாம் என்று சொல்லப் புருவம் போதும்.

“மேம், நீங்க ஏதாச்சும் அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?”

“எங்கிட்ட இருக்கற நாப்பது போதாதுன்னு ஒங்க கிளாஸு வேறயா?”

“அப்புறம் நேத்து ரெண்டு துரோன் எதுக்குக் குடுத்தீங்க?”

“வாழைப்பழத்தச் சுருட்டிப் பொரிச்சு நாந்தான் இந்தப் பள்ளிக்கூடத்துல விக்கறேன். காசு குடுத்தா, குடுத்தேன். நீங்க சந்தேகப்பட்டாலும் அதே வெலதான் சார். கடன் கெடையாது.”

நான் நம்பவில்லை. அவர் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் முன்னால் என் வகுப்பின் சாயம் வெளுப்பதைப் பார்க்கக் காத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். ஒன்றாம் வகுப்பு வாத்தியாருக்காக இத்தனை மெனக்கெடுகிற ஆள் உலகத்தில் உண்டா என்று அப்போது தோன்றவில்லை. சந்தேகம் வந்தால் நான் ரொம்ப முக்கியமான ஆளாகிவிடுகிறேன்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் மீன் சந்தைக்குப் போனேன். நாங் செடிங்கின் கடை ஐஸ் உடைக்கிற இயந்திரத்துக்கு நேர் எதிரில். அது ஓடும்போது பக்கத்தில் குண்டு வெடித்தாலும் கேட்காது. அம்மா கடையில், மகள் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம். இரண்டு பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் உதடு ஏதோ சொல்ல, மகள் புருவத்தைத் தூக்கிவிட்டு ஒரு கூடை ஐஸ் கொண்டுவந்தாள். பிறகு அம்மாவின் உதடு என் பக்கம் நீண்டது. மகள் என்னைப் பார்த்துச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

சதி என்று முடிவு செய்தேன்.

இயந்திரம் நின்றதும் கேட்டேன். “நாங், வீட்ல யாராச்சும் அவளுக்குப் பாடம் எடுக்கறாங்களா?”

“எங்க வீட்ல யாரு சார் இருக்கா? நானும் பூனையும்.”

“இல்ல, திடீர்னு வாசிக்கறா.”

“வாசிக்கலேன்னு போன மாசம் வந்தீங்க. வாசிக்கறான்னு இன்னைக்கி வர்றீங்க. ஒங்களுக்கு என்னதான் வேணும்?” கத்தியை மீன் மேல் வைத்தபடி என்னையே பார்த்தாள். “சும்மா நிக்காதீங்க, போலீஸ் வந்துருக்குன்னு வாடிக்கையெல்லாம் ஓடுது.”

அரைக் கிலோ மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். என் விசாரணையில் கிடைத்தது அது ஒன்றுதான்.

வியாழன் காலை எனக்கு ஜலதோஷம். சந்தையின் ஐஸ் காற்றோ, செய்த பாவமோ. பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடாதென்று மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். வழக்கம்போல ஜோவிலினைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினேன்.

அவள் வாசிக்கவில்லை.

இன்னொரு அட்டை. கண்ணைச் சுருக்கி என் மாஸ்க்கையே பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். பல்லி அங்கேயே இருந்தது.

“என்ன இன்டாய், எம் பொண்ணு, நேத்து வரைக்கும் சொன்னியே?”

“தெரியல சார்.”

“ஏன் தெரியல?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒங்க வாயி இல்ல சார்.”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மெல்ல மாஸ்க்கை இறக்கிவிட்டு ‘மென்’ அட்டையைத் தூக்கினேன். ஜோவிலினின் கண் அட்டைக்குப் போகவே இல்லை.

“மென்,” என்றாள்.

அலமாரிக் கதவின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று ஒவ்வோர் அட்டையாகத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த மடையன் ‘ம’-வுக்கு உதட்டை மூடினான். ‘ப’-வுக்கு லேசாகக் கன்னத்தை உப்பினான். ‘ஹ’-வுக்கு வாயைத் திறந்து மூச்சு விட்டான். ‘ட’-வுக்கு நாக்கைப் பல்லில் ஒட்டினான். பிள்ளை வாசிப்பதற்கு முன்பே என் வாய் விடையை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தது. ரோமரை அழவைத்தேன், மேம் பெர்பெக்தாவைச் சந்தேகப்பட்டேன், நாங் செடிங்கின் வியாபாரத்தைக் கெடுத்தேன். திருடன் என் மூக்குக்குக் கீழே இருந்திருக்கிறான்.

ரோமரைத் திரும்ப அவன் இடத்தில் உட்கார வைத்தேன். குப்பைத் தொட்டி ஓரமே நன்றாக இருந்தது என்று அதற்கும் அழுதான்.

மதியச் சாப்பாட்டின்போது யோசித்தேன். அவள் செய்தது சாதாரண வேலை இல்லை. என் வாயிலிருந்து தலையை மட்டும்தான் எடுத்தாள். வாலை ஒட்டியது அவள். ஒலியையும் ஒலியையும் சேர்ப்பதுதான் கஷ்டம், மற்ற பிள்ளைகள் அங்கேதான் வழுக்கி விழும். அவளுக்குச் சேர்க்கத் தெரிகிறது. எந்த எழுத்துக்கு எந்த வாய் என்பதுதான் தெரியவில்லை. வெள்ளி வரைக்கும் கூரையைப் பார்த்தவள், சனி ஞாயிறு அம்மாவின் வாயைப் பார்த்த கண்ணோடு வந்து திங்களன்று என் வாயைப் பார்த்திருக்கிறாள். ஐஸ் இயந்திரத்தின் எதிரில் வளர்ந்த பிள்ளைக்கு முகம் இருக்கும்போது எழுத்து எதற்கு?

பள்ளி விட்டதும் அவளை நிறுத்திக்கொண்டேன். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அவளுடைய பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். அட்டைகளை அவள் கையில் கொடுத்தேன்.

“இன்னைக்கி நீதான் வாத்தியார். நான் மக்குப் பையன். எனக்கு எழுத்தே தெரியாது. ஒன் வாயப் பாத்துத்தான் சொல்லுவேன்.”

அவளுக்கு இது பிடித்துப்போயிற்று. ‘பென்’ அட்டையை எடுத்து, எழுத்தைப் பார்க்காமலேயே வாயைத் திறந்து மூச்சு விட்டாள்.

“ஹென்,” என்றேன்.

“சரி சார்.”

“வாத்தியாரே, அட்டையத் திருப்பிப் பாருங்க. பின்னாடி கோழி இருக்கா?”

திருப்பினாள். பேனா படம். அவள் முகம் சுருங்கியது. “நான் தப்பா வாய் வெச்சா நீங்களும் தப்பாத்தான் சொல்லுவீங்களா?”

“நான்தான் மக்காச்சே.”

அதற்கப்புறம் அட்டையைத் தூக்குவதற்கு முன்னால் எழுத்தை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். முறைத்தாள், உதட்டைப் பொருத்திப் பார்த்தாள், கலைத்தாள், மறுபடி பொருத்தினாள். நான் வேண்டுமென்றே தூங்கினபோது காதைத் திருகினாள். நான் அவளிடம் அப்படி நடந்துகொண்டதே இல்லை. எங்கே கற்றாள் என்று இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த நாங் செடிங் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். மகளை வெளியே அனுப்பிவிட்டுக் கிட்டே வந்தாள்.

“கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா நாங்?”

அவள் புருவம் உயர்ந்தது.

“ஏன் சொல்லல?”

“மொத தடவையா கிளாஸே கைதட்டுச்சுன்னு வந்து சொன்னா சார். அதப் போயி நான் கெடுப்பனா?” குரலைத் தாழ்த்தினாள். “நாளைக்கி அந்தத் துணிய மட்டும் கழட்டிட்டு நில்லுங்க. ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா நில்லுங்க. ஒங்க மொகம், ஒங்க வாயி, யாரு என்ன கேக்கறது?”

அட்டைகளை அடுக்கினேன். நல்லவன் மாதிரி தலையை ஆட்டி மறுத்திருக்கலாம். ஆனால் அந்தக் குட்டி நாற்காலி கண்ணுக்குள் வந்து நின்றது. சும்மா நிற்பதுதான். அது ஒன்றைத்தான் நான் நன்றாகச் செய்வேன்.

“ஒரு மத்தியானத்துல என்னத்த சார் கத்துக்கிட்டிருப்பா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜலதோஷம் போய்விட்டது. மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக் கதவு வரைக்கும் யோசித்தேன். இன்றைக்கு என் வாய் அவளைக் காப்பாற்றும். அடுத்த வருஷம் வேறு வாத்தியார், வேறு வாய். மாட்டிக்கொண்டேன்.

மேம் சொலெடாட் வந்து உட்கார்ந்து விசிறியை விரித்தார். வெயிலுக்கு அவர் விசிறியை மூக்கிலிருந்து முகவாய் வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அதற்கு மேலே இரண்டு கண் மட்டும் என்னை அளந்தது.

“எதுக்கு சார் மாஸ்க்கு?”

“ஜலதோஷம் மேம்.”

“தும்மவே காணமே. போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒருத்தர் உள்ள பல்லக் கடிச்சுக்கிட்டே விடை சொல்லிக் குடுத்தார். கழட்டுங்க.”

“கழட்டறதுக்குப் பதிலா நான் வெளிய நிக்கலாமா மேம்?”

சந்தேகம் அவர் கண்ணில் இன்னும் பெரிதாயிற்று. மறைக்க ஒன்றுமில்லாத மனுஷன் தானாக வெளியே போவானா? ஆனாலும் விசிறியால் கதவைக் காட்டினார். ஜோவிலின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போய்விட்டேன்.

வெளியே ஜன்னலடியில் மேம் பெர்பெக்தா. எனக்கு எட்டிப் பார்க்க தைரியம் இல்லை. மாஸ்க்குக்கு மேலே என் கண்ணே விடை சொல்லிவிட்டால் என்ன செய்வது? “நீங்க பாத்துச் சொல்லுங்க,” என்று கிசுகிசுத்தேன். வாரம் முழுக்க நான் சந்தேகப்பட்ட அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுவரோரம் குந்தினேன்.

உள்ளே மேம் சொலெடாட் ஓர் அட்டையைத் தூக்கியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பிய மேம் பெர்பெக்தாவின் உதடுகள் மூடின. ம-வா, ப-வா? எனக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுகிறது. இதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என் வகுப்பில் இத்தனை நாள் எப்படிக் குடித்தனம் நடத்தினாள்?

“பென்,” என்று ஜோவிலினின் குரல் கேட்டது.  பிறகு விசிறி அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. “இல்ல, இருங்க மேம். மென்.”

யாரும் திருத்தவில்லை. விசிறிக்குப் பின்னால் யார் வாயும் தெரியவில்லை. எழுத்தைத்தான் மறுபடி பார்த்திருக்கிறாள்.

மேம் பெர்பெக்தா என்னைக் குனிந்து பார்த்து இரண்டு புருவத்தையும் உயர்த்தினார். நிஜமாகவா என்று நான் கண்ணால் கேட்டேன். மறுபடி உயர்த்தினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “அழாதீங்க சார். ஜலதோஷம்னு சொல்லிருக்கீங்க, அதுக்கு மட்டும் ஒத்துப் போகுது.”

மற்ற பிள்ளைகளையும் கேட்டு முடித்துவிட்டு மேம் சொலெடாட் வெளியே வந்தார். “சார், அந்தப் பெரிய பொண்ணு ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னாடி மீன் மாதிரி வாயத் தெறந்து மூடறா. யார்கிட்டக் கத்துக்கிட்டாளோ, பாக்கச் சகிக்கல. ரெண்டாம் வகுப்புக்குப் போறதுக்குள்ள அத மட்டும் சரி பண்ணுங்க.”

பள்ளிக்கூட வாசலில் மூன்று சக்கர வண்டிகளின் இரைச்சலுக்கு அந்தப் பக்கம் நாங் செடிங் மீன் வாளியோடு நின்றிருந்தாள். வாசித்தாளா என்று வாயசைத்துக் கேட்டாள். இந்த ஒன்று எனக்கே புரிந்தது. நான் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புருவத்தை உயர்த்தினேன்.

அவள் நம்பவில்லை. என் வாயையும் முகத்தையும் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள், பழைய மீனைப் பார்க்கிற மாதிரி. பிறகு உதட்டை என்னோடு நின்ற மகள் பக்கம் நீட்டினாள்.

ஜோவிலின் புருவத்தை உயர்த்தினாள். அதற்கப்புறம்தான் நாங் செடிங் வாளியைக் கீழே வைத்தாள்.