கைப்பிடியில் இன்னொரு கை

பல் டாக்டருக்குக் காபிக்கொட்டை வறுக்கும் பைத்தியம் பிடித்து வெகு காலம் ஆகிவிட்டது. சோளப்பொரி மெஷினில் போட்டு, பாதி கருகலும் பாதி பச்சையுமாக எடுத்து, அதையே வீட்டில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பார். கடைசியில் மனைவி சொல்லிவிட்டாள், ஒன்று நல்ல மெஷினாக வாங்குங்கள், இல்லை இதோடு விட்டுவிடுங்கள் என்று.

அவரிடம் பல் கட்டிக்கொள்ள வந்த ஓர் அம்மாள், தன் கணவர் காலமாகிவிட்டார், அவருடைய வறுக்கும் மெஷின் சும்மா கிடக்கிறது என்றார். உருளை சுழலும் கனத்த இரும்பு மெஷின். மறுவாரமே அது டாக்டர் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட்டது.

முதல் தடவை, கொட்டைகள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியபோது பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். மனைவிதான் என்று திரும்பினார். யாரும் இல்லை, சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது. டாக்டருக்கு நன்றாகக் கறுக்க வறுத்தால்தான் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். கை கேட்கவில்லை. தானாக நீண்டு, கைப்பிடியை இழுத்து, கொட்டைகளைத் தட்டில் சரித்தது. மணிக்கட்டில் குளிர்ந்த விரல்கள் அழுத்திய இடம் சற்று நேரம் வெளுத்திருந்தது.

காபி அமிர்தமாக இருந்தது. "இது உங்க கைவேலை இல்லையே," என்றாள் மனைவி. விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் சட்டைக்கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே நடக்க, மனசுக்குள் வைத்திருக்க முடியாமல் அம்மாளிடம் போய்ச் சொன்னார். அம்மாள் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவையாவது பக்கத்துல நிக்க விடுங்கன்னு கெஞ்சியிருக்கேன். கதவைச் சாத்திக்குவார். இப்ப உங்ககிட்ட வர்றாரா?"

அடுத்த ஞாயிறு அம்மாள், விருந்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார். டாக்டரும் மனைவியும் வாசற்படியில் ஒதுங்கி நின்றார்கள். அம்மாள் கைப்பிடியில் கையை வைத்துக் காத்திருந்தார். கொட்டைகள் வெடித்து ஓய்ந்தன. மறுபடி வெடித்தன. புகை கிளம்பியது. டாக்டர் ஓரடி எடுத்து வைக்க, மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். எல்லாம் கரியான பிறகுதான் அம்மாள் மெஷினை அணைத்தார். புகை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

வரக்கூடாது, வரக்கூடாது என்று நினைத்தபடியே டாக்டர் இன்னொரு தடவை போட்டார். வந்தது. இந்தத் தடவை மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் நடுங்கின.

சாயங்காலம் அம்மாள் போன் செய்தார்.

"நான் போனப்புறம் வந்தாரா?"

"இல்லம்மா. நின்னுபோச்சு."



"அவருக்குக் காபியே பிடிக்காது, டாக்டர். ஒரு வாய் குடிச்சதில்ல. வறுக்கிறதெல்லாம் எனக்குத்தான்."

மறுநாள் காலை டாக்டர், இரண்டாம் தடவை போட்டு எடுத்த கொட்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அம்மாள் வீட்டுக்குப் போனார். தானே வறுத்தது என்று சொல்லிக் கொடுத்தார். அம்மாள் பிரித்து முகர்ந்தார். முகர்ந்த முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"பரவாயில்ல," என்றார் கடைசியில். "நல்லாக் கத்துக்கிட்டீங்க. வாராவாரம் எனக்கும் கொஞ்சம் குடுங்க."