ஒயரில்லாமல் எதிர் வூட்டுக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, வேடிக்கை பார்த்தேன். 2007, நெய்வேலி டவுன்ஷிப். அடுப்பில் சாம்பார் தீய, என் குவார்ட்டர்ஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு ஜெயசெல்விக்குக் குழந்தை பிறந்திருந்தது. கணவன் செபாஸ்டின் கத்தாரில் வெல்டர். மறுநாள் விடிந்தால் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் போகிறான். அங்கே நெட் கிடையாது, திரும்ப மாசக்கணக்காகும். போவதற்குள் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். கதை அவ்வளவுதான்!

2

"பழுப்பு நிலக்கரி நகரத்தின்மீது அந்திச் சூரியன் தன் செங்கரங்களை —"

சீ. அன்றைக்குச் சூரியனை யார் பார்த்தது?

"அலைகள் கண்ணுக்குத் தெரியாதவை, அன்பைப் போலவே —"

இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன். நேராகவே போகிறேன்.

3

எதிர்ச்சாரியில் ஜெயசெல்வியின் அண்ணன் சைமன்ராஜ் வீடு. போன் லைன், பிராட்பேண்ட், ஒயர்லெஸ் ரூட்டர் எல்லாம் அங்கேதான். பிள்ளையை அங்கே தூக்கிப்போக முடியாது. அவர் மகளுக்கு அம்மை போட்டிருந்தது, வாசலில் வேப்பிலை. (கிறிஸ்தவர் வீட்டில் வேப்பிலையா என்று கேட்காதீர்கள். எங்கள் பிளாக்கில் அம்மைக்கு மதம் கிடையாது.) சாலைக்கு மேலே ஒயர் இழுத்துப் பார்த்தார், ஷிப்ட் பஸ் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ரூட்டரின் அலையோ அவள் ஜன்னல்வரை மெலிசாக வரும், உள்ளே லேப்டாப்புக்கு எட்டாது.

மிச்சம் ஒரே வழி. ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை வாங்கி, ரூட்டரின் அலையைப் பிடித்து மறுபடி வீசும்படி அமைத்து, ஜெயசெல்வியின் ஜன்னலில் வைப்பது. இரண்டுக்கும் நடுவே ஒயரே வேண்டாம், கரண்ட் மட்டும் போதும். தன் வீட்டில் ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து அமைத்துப் பார்த்தார் சைமன்ராஜ். பச்சை விளக்கு எரிந்ததும் லுங்கியோடு ஒரு குதி குதித்தார்.

(முதல் வரைவில் அவருக்கு மீசை வைத்திருந்தேன், சுரங்க எலக்ட்ரீஷியன் என்றால் கம்பீரம் வேண்டாமா என்று. நிஜத்தில் அவருக்கு மீசை கிடையாது. எடுத்துவிட்டேன்.)

4

அம்மை வீட்டு ஆள் பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் வரலாமா? அதனால் வெளியே ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னலுக்கு வெளியே மாட்டினார். உள்ளே லேப்டாப் முன்னால் ஜெயசெல்வி, மடியில் பிள்ளை.

"லைன் வந்துச்சா, செல்வி?"

"இல்லண்ணே."

எதிர் வீட்டுக்கு ஓடினார். ரூட்டரை அணைத்து, திரும்பப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இப்போ?"

"சுத்திகினே இருக்கு."

மறுபடி ஓட்டம். தெருவே கூடிவிட்டது! ஷிப்ட் முடிந்து வந்த சடையப்பன் சைக்கிளை நிறுத்தி, "என்னாங்க, டிஷ் ஆன்டெனாவா?" என்றார். அதற்குள் செபாஸ்டின் மொபைலில் கூப்பிட்டுவிட்டான்: "செல்வி, எனக்குப் பின்னால க்யூ நிக்குது. இன்னும் கொஞ்ச நேரந்தான் இந்தக் கம்ப்யூட்டர் எனக்கு."

அவள் அழுதுவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தவள் திடீரென்று கேட்டாள்: "ஏண்ணே, அத எதுக்குப் பெட்டிக்குள்ள வச்சிப் பூட்டியிருக்க?"

"வெளிய மாட்டுற சாமானப் பெட்டியில வைக்காம? மழ வந்தா? எர்த்துகூட குடுத்திருக்கேன்."

"இரும்புப் பெட்டிண்ணே!"

சுரங்கத்தில் திறந்தவெளியில் மாட்டும் எந்த மின்சாமானும் இரும்புப் பெட்டிக்குள்தான், எர்த்தோடுதான். வருஷக்கணக்கில் பழகிய கை, தானாகச் செய்துவிட்டது.* இரும்பைத் தாண்டி அலை எப்படி வரும்?

"அட என் புத்தியில மண்ண போட!" பூட்டைத் திறந்தார், ஆக்சஸ் பாயின்ட்டைப் பிடுங்கி எடுத்தார், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

பச்சை!

"வந்துருச்சு! வந்துருச்சுண்ணே! அப்படியே நில்லு, அசையாத!"

* எர்த் கொடுத்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது என்று இன்றைக்கும் சொல்கிறார்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் செபாஸ்டின் கதறுகிறான். இன்னொன்றில் பிள்ளை தூங்குகிறது, எழுப்பாதே என்கிறான். மூன்றாவதில் அவன் —

அதை முடிப்பதற்குள் ஜெயசெல்வி படித்துவிட்டாள்.

"ஸ்டெல்லாக்கா, அம்மைய எழுதிக்கோங்க, நான் அழுதத எழுதிக்கோங்க, எங்கண்ணன் மானத்த எப்படி வேணா வாங்குங்க. எங்க வூட்டுக்காரரு புள்ளையப் பாத்து மொதல்ல சொன்னத மட்டும் எழுதாதீங்க. அது நாங்க மூணு பேரு வச்சிகினு இருக்கறது."

"உங்கண்ணனும் கேட்டாரேடி?"

"அவரு அன்னிக்கு ஆன்டெனாக்கா. அவர ஆள் கணக்குல சேக்காதீங்க."

எனக்கும் கேட்டது, நடுச்சுவர் அவ்வளவு தாழ்வு. ஆனால் சத்தியமாகச் சொல்லமாட்டேன். திரையில் செபாஸ்டின் முகம் வந்துவிட்டது. ஜெயசெல்வி பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறாள். வெளியே ஸ்டூல்மேல் சைமன்ராஜ், ஆக்சஸ் பாயின்ட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி, மூச்சுகூட விடாமல் நிற்கிறார். நீங்கள் பெற்ற பிள்ளையை முதல்முதலாகப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன சொல்வீர்கள்? சீக்கிரம், பின்னால் க்யூ நிற்கிறது. செபாஸ்டின் வாயைத் திறந்து சொன்னான்:

"