இருவர் தூக்கும் அளவு

லேத்துக்காரர் இறந்த பிறகும், அவர் செய்த மாதிரி ரயில் எஞ்சினின் பின்பக்கத்தை அவரேதான் தூக்கிவந்தார். மனைவி முன்பக்கத்தைப் பிடித்தால் போதும். பின்பக்கம் தானாக எழும்பும், வாசற்படியில் மூச்சு வாங்கச் சற்று நிற்கும், பிறகு நகரும். மனைவிக்கு இதில் வியப்பில்லை, அருவருப்புதான். இறக்கிவைத்த கையோடு சமையலறைத் துண்டில் ஐந்து கறுப்பு விரல்கள் பதிந்திருக்கும். உயிரோடு இருந்தபோதும் இதே துண்டு, இதே விரல்கள்.

அளவை முடிவுசெய்த நாளிலேயே தொடங்கிய வெறுப்பு அது. மிகச் சிறிதாகச் செய்தால் கொதிகலனில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் நிற்கும், ஒரு சுற்று வருவதற்குள் ஆவி தீர்ந்துவிடும், கீழே விழுந்த திருகாணியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். மிகப் பெரிதென்றால் லாரி வேண்டும். “ஒருத்தர் தூக்குற அளவுல செய்யுண்ணே, அதுக்கு மேல போனா தலைவலி” என்றார் தம்பி. “ஒருத்தர் எதுக்குடா? உங்க அண்ணி சும்மாதானே இருக்கா” என்ற லேத்துக்காரர், அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று முடிவுகட்டினார். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் இரண்டு கைகளையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டதை அவள் மன்னிக்கவில்லை. சாப்பாட்டு மேசை எஞ்சினுக்குப் போனது. அவள் வருஷக்கணக்கில் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, கரி வாடையோடு சாப்பிட்டாள். எண்ணெய் வாடையடித்த தலையணையில் தூங்கினாள்.

அவர் போனதும் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த மேசை ஒன்றுதான். கொழுந்தன் ஒரு வியாபாரியைக் கூட்டிவந்தார். வியாபாரியின் ஆட்கள் இருவர் முக்கினார்கள். முன்பக்கம் எழும்பியது, பின்பக்கம் ஆணியடித்ததுபோல் கிடந்தது.

“அண்ணி, நீங்க கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க.”

ஆட்கள் விலகினார்கள். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்பக்கத்தைப் பிடித்தாள். எஞ்சின் பூப்போல எழுந்தது.

“சீ! செத்தும் இந்த மனுஷனுக்கு நான்தான் வேணும்.”

வியாபாரி தாடையைச் சொறிந்தார். “நல்ல சரக்குதான். ஆனா ஒவ்வொரு தடவையும் இந்தம்மாவும் கூட வரணும்னா எங்களுக்குத் தோதுப்படாது” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்றே அவள் எஞ்சினைக் கொல்லைக் கொட்டகைக்கு நகர்த்தினாள். பின்பக்கம் வழக்கம்போல் படியில் நின்றது. “நடங்க” என்றாள். நடந்தது. திரும்பிவந்து பார்த்தால் துண்டில் ஐந்து விரல்கள். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அவருடைய பழைய பனியனைக் கிழித்துக் கதவோர ஆணியில் மாட்டினாள். “இனிமே இதுல துடைங்க.”

மழை பிடித்தது. துரு நாற்றத்தையும் சேர்த்துச் சகிக்க அவளால் முடியாது. வெயில் வந்ததும் எஞ்சினை இருவருமாகத் தூக்கி முற்றத்தில் காயவைத்தார்கள். உள்ளே வந்து பார்த்தாள். துண்டு வெள்ளையாகவே இருந்தது. பனியன் முழுக்கக் கறுப்பு. உயிரோடு இருந்தவரை ஒரு சொல் கேட்காத மனிதர். பனியனை இரண்டே விரல்களால் தூக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.