மூன்றாவது கடவுச்சொல்

தங்கை ஒளிந்திருந்த வீட்டின் முகவரி ஒரே இடத்தில்தான் இருந்தது: அக்காவின் கணினியில். வக்கீலுக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பவள் அவள்தானே, வேறெங்கே வைப்பாள்? அடித்தே கொல்லப் பார்த்த புருஷனிடமிருந்து தங்கை தப்பி வந்து ஆறு மாதம். அதற்குள் இரண்டு வீடு மாறியாயிற்று. இரண்டு தடவையும் ஒரே வாரத்தில் அந்தப் பாவி தெருமுனையில் வந்து நின்றான்.

மோப்பம் பிடிக்க அவன் என்ன நாயா? கணினிக்குள் நுழையக் கடவுச்சொல் உண்டு. ஒரு நிமிடம் கையை எடுத்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். சொல்லை அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. இருந்தும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நாற்காலி சூடாக இருந்தது. கடைசியாகத் திறந்த கோப்புகளில் முகவரிதான் முதலில் நின்றது.

"என்னங்க, என் கம்ப்யூட்டரை யாரோ தொறக்கிறாங்க."

"பூட்டின வீட்டுக்குள்ள யாரு வருவா? பேயா? பேய்க்கு டைப்பிங் தெரியுமா என்ன?" கணவர் சிரித்தார். இருவரும் ஒரே தட்டச்சுப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் பழகியவர்கள். கல்யாணமே அப்படித்தான் கூடியது.

"நீங்க சகலைகிட்ட பேசறதில்லையே?"

"நான் எதுக்குப் பேசப்போறேன்? ஆனா ஒண்ணு, புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். அதுக்காக ஓடிப் போறதா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை மூன்றாவது வீட்டுக்குப் போன அன்றே கடவுச்சொல்லையும் மாற்றி மூன்றாவதாக ஒன்று வைத்தாள். பதினாறு எழுத்து, தலையும் கிடையாது வாலும் கிடையாது. மனதுக்குள்ளேயே நூறு தடவை ஓட்டிப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட்டுச் சற்றே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது அவள் இரண்டு கைகளும் கணவரின் வெற்று முதுகில் இருந்தன. விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. இருபது வருடம் தட்டிய கை, மனதில் எது ஓடினாலும் மேசையில் தட்டும். பாழாய்ப்போனது தூக்கத்திலுமா தட்டும்? அவர் தூங்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ..."

"தூங்கும்மா," என்றார் திரும்பாமலேயே, அத்தனை பாசமாக. "இன்னும் ஒரு எழுத்துதான் பாக்கி."

கைகளை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தாள். சுண்டுவிரல் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அது பாட்டுக்கு அந்த எழுத்தையும் தட்டி முடித்தது.