சொல்லியாச்சு

வத்தலக்குண்டில் லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போன நாச்சிமுத்து, கனமான ரோஜாமாலை ஒன்றை வாழையிலையில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தார். முன்னால் தன் காலடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. அது பின்னாடியே கெடக்கட்டும். மலை ஏறுற வண்டி.”

மாலை பின்னால் வந்தது. விசாலாட்சி அதை வாங்கி வைக்க இடம் தேடினாள். லாரித் தட்டில் வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய் விரித்திருந்தார்கள். அந்தப் பாய் யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். போகும்போது சும்மாதானே கிடக்கிறது என்று பங்காளி வீட்டுப் பெண்கள் அதன்மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பாயை விட்டு விலகி வெறும் வைக்கோலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது அவளுடைய அப்பா மயில்சாமி அந்தப் பாயில் வருவார்.

மயில்சாமி பழனியில் பஞ்சாமிர்தக் கடைகளுக்கு மலைவாழைத் தார் பிடித்துக் கொடுக்கிறவர். வருஷத்தில் பாதி நாள் பெருமாள்மலையில் சேனாதிபதி என்பவர் வீட்டுப் பின்னறையில் தங்கியிருப்பார். மனைவி போனபிறகு அது முக்கால் வருஷமாகிவிட்டது. நேற்று மத்தியானம் அங்கிருந்து தந்தி வந்தது. தந்திக்காரர் வாசலில் நின்றபடியே படித்துச் சொன்னார். மயில்சாமி சீரியஸ், உடனே புறப்படவும். படித்துவிட்டு, “மனசத் தேத்திக்கங்கம்மா” என்று சொல்லி, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பினார்.

அவர்கள் ஊரான பாலசமுத்திரத்துக்கு வந்த தந்திகளில் இதுவரை யாரும் செத்ததில்லை. எல்லோரும் சீரியஸாகத்தான் இருந்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்த மாமா சீரியஸ் என்று வந்தது. போய்ச் சேர்ந்தபோது அங்கே பாடை கட்டி முடித்திருந்தார்கள். விசாலாட்சியின் அம்மா இறந்தபோது, குளிப்பாட்டி நெற்றியில் காசு ஒட்டியபிறகு, இதே நாச்சிமுத்து சித்தப்பாதான் தபாலாபீசுக்குப் போய் உறவுக்கெல்லாம் சீரியஸ் என்று அடித்துவிட்டு வந்தார். உள்ளதைப் போட்டால் வாங்குகிறவன் அங்கேயே விழுந்துவிடுவான் என்பார். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தில் ஊரே பழகிப்போய், அப்படி ஒரு தந்தி வந்தால் மூங்கில் வெட்ட ஆள் அனுப்புவது என்றாகிவிட்டது.

நேற்றும் அனுப்பினார்கள். சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் விடிவதற்குள் மலையில் இருக்கலாம் என்று விசாலாட்சி சொல்லிப் பார்த்தாள். “இனிமே பறந்து போயி என்ன தாயி ஆகப்போகுது” என்றார் சித்தப்பா. பங்காளிகளுக்குச் சொல்லிவிட வேண்டும், கோடித் துணி எடுக்க வேண்டும், இறக்கிக்கொண்டு வர வண்டி வேண்டும். ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போய், மலைக்குக் காய் ஏற்றப் போகிற லாரி ஒன்றைப் பேசி முடித்தார். அவளுடைய புருஷன் ஊரில் தங்கி மற்ற ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லோரும் ஓடியாடி வேலை செய்தார்கள். செத்துட்டார் என்கிற சொல்லை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

லாரி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. பெண்கள் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவருக்குக் கருவாடு என்றால் உயிராம், யாரையும் ஏலே என்று கூப்பிடமாட்டாராம். எல்லாம் நேற்று வரைக்கும் உண்டு, இனி இல்லை என்கிற பேச்சாக இருந்தது. கேட்கக் கேட்க விசாலாட்சிக்குக் கோபம் வந்தது. அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இவர்களே முடித்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியது.

“ஏன் அத்தை, நெசமாவே சீரியஸா மட்டும் இருந்துச்சுன்னா?”

அப்பாவின் தங்கை கந்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த நெனப்போட போனீன்னா அங்க பாத்ததும் தாங்கமாட்ட. மனசக் கல்லாக்கிக்க.”

“யாருமே இன்னும் பாக்கலையே அத்தை.”

“பாத்துத்தான் தெரியணுமா.” கந்தம்மாளுக்குக் கண் கலங்கியது. “எங்கண்ணன் போனது எனக்குத் தெரியாதா.”

விசாலாட்சி கையை விடுவித்துக்கொண்டாள். நம்பிக்கையை விடவில்லை. உயிரோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்று மலைப்பாதையில் ஊத்து என்கிற ஊரைத் தாண்டும் வரைக்கும் மனதுக்குள் வேண்டிக்கொண்டே வந்தாள். இத்தனை பேருக்குத் தெரிந்தது தனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று அவளுக்கே பயமாகவும் இருந்தது.

பெருமாள்மலையில் இறங்கும்போது மத்தியானத்திலேயே பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. சேனாதிபதியின் வீடு ரோட்டுக்குக் கீழே, பேரிக்காய் மரங்களுக்கு நடுவில். ஒற்றையடிப் பாதை. ஒரு கொட்டுச் சத்தம் இல்லை, வாசலில் ஆள்கூட்டம் இல்லை. சித்தப்பா மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பாதை திரும்புகிற இடத்தில் பெண்கள் நின்று கொண்டையை அவிழ்த்தார்கள்.

ஓட்டு இடுக்கில் புகை வருவதை விசாலாட்சி பார்த்தாள். “அடுப்பு எரியுது அத்தை.”

“குளிருக்கு மூட்டியிருப்பாங்க.”

“எழவு வீட்டுல அடுப்பு மூட்டுவாங்களா?”

“வேத்து ஊரு. இவங்க வழக்கம் நமக்கென்ன தெரியும்” என்றார் சித்தப்பா.

“நான் மட்டும் முன்னாடி போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன் சித்தப்பா.”

“பெத்த மக வாயத் தொறக்காம உள்ள போறதா? பேசுறது பேச்சா இருக்கணும்.”

கந்தம்மாள் தலைவிரி கோலமாக அவள் பக்கத்தில் வந்தாள். “நீ ஒப்பாரிய எடு தாயி. மக இருக்கையில நான் எடுக்கக் கூடாது. நீ எடுத்தாத்தான் நாங்க எடுக்க முடியும்.”

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மஞ்சுக்குள் அத்தனை தலைவிரித்த முகங்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன. எடுக்கவில்லையென்றால் இப்படியே நிற்பார்கள் போலிருந்தது. விசாலாட்சி தலையை அவிழ்த்தாள். ஒரு வரி கூட வராது என்றுதான் நினைத்தாள். வாயைத் திறந்ததும் சொற்கள் தாமாக வரிசைகட்டி வந்தன.

“வாழத்தாரு வாங்க வந்து வழி மறந்து போனீகளோ
மலையேறி வந்த அய்யா எறங்க மறந்தீகளோ…”

பெண்கள் ஓவென்று சேர்ந்துகொண்டார்கள். தன் குரல் இவ்வளவு பெரிது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வரியும் வந்தது, அதற்கடுத்ததும். பாடப்பாட அப்பா செத்துப்போனார். அதுவரை பிடிவாதமாக இருந்த மனது பாட்டுக்கு இடம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபடியே வாசலுக்கு வந்துவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு சேனாதிபதி ஓடிவந்தார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். ஒடிசலான ஆள். கையில் கஞ்சித் தம்ளர் இருந்தது.

“என்னங்க இது? எதுக்குங்க அழுவுறீங்க?” என்றார் குரலை அடக்கிக்கொண்டு. “அய்யா உள்ளே முழிச்சுக்கிட்டுத்தானுங்களே இருக்காரு.”

விசாலாட்சி நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் உடனே நிறுத்த முடியாமல் கொஞ்ச நேரம் அழுதார்கள். கடைசியாகக் கந்தம்மாளின் குரல் மட்டும் தனியாக இழுத்து நின்றது. சித்தப்பா மாலையைத் தோளிலிருந்து எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் போட்டார்.

பின்னறையில் கட்டிலில் மயில்சாமி படுத்திருந்தார். முதுகுக்கு இரண்டு தலையணை. மூச்சு வாங்கியது. கண் வாசலைப் பார்த்தபடி இருந்தது. மகளைப் பார்த்தார், அவளுடைய அவிழ்ந்த தலையைப் பார்த்தார். அவள் அவசரமாக அள்ளி முடிந்துகொண்டாள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் அவளுக்கு வந்தது, கூடவே வாசலில் பாடிய வரிகளும் நினைவுக்கு வந்தன.

“ஒண்ணுமில்லண்ணே” என்று சித்தப்பா முந்திக்கொண்டார். “வர்ற வழியில ஒரு எழவு. அங்க போயிட்டு அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். பொம்பளைக அந்த அழுகைய இன்னும் விடல.”

மயில்சாமி தம்பியைப் பார்த்தார். “யாரு?”

சித்தப்பா வாயைத் திறந்தார். எந்தப் பெயரைச் சொல்வது? நாக்கு நுனியில் வந்த பெயர்களெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்கள். அவர்களில் யாரைத் தூக்கி அந்த இடத்தில் வைக்க முடியும்? பொய்க்குக்கூட அவரால் முடியவில்லை.

“யாருடா?”

“சோலி கெடக்குண்ணே. லாரிக்காரன் நிக்கிறான். இந்தா வந்துர்றேன்” என்று சித்தப்பா வெளியே போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். விசாலாட்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட்டாள். கால் சூடாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே சித்தப்பாவும் சேனாதிபதியும் அடங்கிய குரலில் சண்டை போடுவது கேட்டது.

“என்னத்தய்யா தந்தி அடிச்ச?”

“உள்ளதத்தானுங்களே அடிச்சேன். டாக்டர் சீரியஸ்னு சொன்னாரு, சீரியஸ்னு போட்டேன். செத்திருந்தா செத்துட்டாருன்னு போட்டிருக்கமாட்டேனா? எங்க தோட்டத்துல அப்படித்தான் போடுவாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு அவரே சொன்னார். “ராத்திரி பூரா மக வந்துருச்சா, மக வந்துருச்சான்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. வெறும் சளிதான்னு சொல்லி வச்சிருந்தேன். காலையில காய்ச்சல் விட்டுருச்சு. வெள்ளனே எந்திரிச்சு வேட்டிய மாத்திக்கிட்டாரு, கஞ்சி கேட்டாரு. தப்பிச்சுட்டாருன்னுதான் நெனச்சேன்.”



மயில்சாமியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேச்சு நின்றபிறகும் ஜன்னல் பக்கமே பார்த்திருந்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“நீதான எடுத்த?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“குரலு தெரிஞ்சுச்சு. நல்லாப் பாடுன.” மூச்சு வாங்கிக்கொண்டார். குறை சொல்கிற தொனி அதில் இல்லை. “வெசாலம். ஊருல எல்லாத்துக்கும் சொல்லியாச்சா?”

இல்லை என்று சொல்லலாம். யாருக்குமே தெரியாதப்பா, நாங்கள் சும்மா வந்தோம் என்று சொல்லலாம். நேற்றிலிருந்து ஒருவராவது உள்ளதைப் பேச மாட்டார்களா என்று தவித்தவள் அவள். அப்பாவின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. தம்பியிடம் கேட்டு வராத பதிலுக்காக அவர் இப்போது அவளிடம் வந்திருக்கிறார். அவளுக்குப் பொய் வரவில்லை.

“சொல்லியாச்சுப்பா.”

“கோயமுத்தூருக்கு?”

“சொல்லியாச்சு.”

“அப்பச் சரி” என்றார் மயில்சாமி. ஒரு வேலை முடிந்துவிட்டதா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவர்போல இருந்தது முகம். கையைக் கொண்டுவந்து அவள் கையின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

சேனாதிபதி கஞ்சியைச் சூடுபண்ணி எடுத்துவந்தார். மயில்சாமி வாயைத் திறக்கவில்லை. விசாலாட்சி கெஞ்சிப் பார்த்தாள். “ஒரு வாய்ப்பா. காலையில கேட்டீங்களாமே.” உதட்டில் வைத்த கஞ்சி தாடியில் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டாள். டாக்டரைக் கூட்டி வரச் சித்தப்பா அதே லாரியில் கோடைக்கானலுக்கு ஓடினார். கந்தம்மாள் உள்ளே வந்து, “அண்ணே, நாங்க தெரியாமச் செஞ்சுட்டோம், கண்ணத் தொறந்து பாருங்கண்ணே” என்று அழுதாள். அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. தங்கை அழுவது அந்த நேரத்துக்குப் பொருத்தமான சத்தமாகத்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. விசாலாட்சி அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வந்தது. அதற்கடுத்ததற்கும் காத்திருந்தாள். அவள் கையின்மேல் இருந்த கை கனத்தது. டாக்டர் இன்னும் வரவில்லை.

கந்தம்மாள் குனிந்து மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து விசாலாட்சியைப் பார்த்தாள். அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“எடு தாயி” என்றாள் கந்தம்மாள், சத்தமே இல்லாமல்.

“அதான் எடுத்தாச்சே அத்தை.”

கந்தம்மாள் வாயைத் திறந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். விசாலாட்சி அப்பாவின் கையை எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வேலியோரம் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். மத்தியானம் அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்து, ஆள் உயிரோடு இருப்பதாகத் தெரிந்து திரும்பிப் போனவர்கள். இப்போது மறுபடியும் வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று புரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் கேட்டாள்.

“இப்ப எப்படிம்மா இருக்காரு?”

“செத்துட்டாரு” என்றாள் விசாலாட்சி.

அப்படிச் சொல்லிக் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒருவரும் அசையவில்லை. மஞ்சில் நனைந்துகொண்டு, வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.